நன்றி மறவாத சிதம்பரனார்

ஞாயிற்றுக்கிழமை நம் காலனியில் பொழுது சற்றுத் தாமதமாகவே விடிகிறது. மற்ற நாட்களில் காலை ஐந்து மணிக்கே குழாயடியில் குடங்களின் ஓசை கேட்கும். பஜார் ரோட்டுக் கிட்டங்கிகளுக்கும், துறைமுகத்திற்கும், கம்பெனிகளுக்கும், இரயில்வேக்கும் செல்வோர் சோற்றுப் பாத்திரத்தைக் கையில் ஏந்தி விரைவர். ஞாயிறன்று அந்த விரைவு இல்லை. ஆடவர் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பர். பிள்ளைகள் பந்து விளையாடுவர். வீட்டின் பின்கட்டில் பாத்திரம் துலக்கும் ஓசை மட்டும் அன்றும் ஓய்வதில்லை.

நாம் இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கிறோம். ஊழியர்களின் பணிப்பட்டியலை வாரந்தோறும் எழுதி ஒட்டுவது நம் அலுவல்களுள் ஒன்று. ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஏதேனும் ஒரு கட்டத்தில் 'ஓய்வு' என்னும் சொல்லை எழுதுகிறோம். ஆண்டுக்கணக்காக எழுதி வந்தும், இந்தச் சிறு சொல் யாருடைய உழைப்பினால், யார் பட்ட துன்பத்தினால் நமக்குக் கிடைத்தது என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணத் தொடங்கிய நாளில் நம் நெஞ்சில் முன்வந்து நின்றவர், கப்பலோட்டிய தமிழர் என்று உலகம் போற்றும் வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்கள். கப்பலை அனைவரும் அறிவர், செக்கையும் அறிவர். உழைப்பவனுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று அவர் நின்ற கதையையும், நன்றி என்பதை அவர் வாழ்ந்து காட்டிய விதத்தையும் நம் காலனிப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதற்காகவே இவ்வாண்டு மலரில் இதனை எழுத முற்பட்டோம்.

இளமை

திருநெல்வேலிச் சீமையில், கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சிக்கு அணித்தாக உள்ளது ஒட்டப்பிடாரம். அவ்வூரில் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிதம்பரனார் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை பெயர் பெற்ற வக்கீல். தாய் பரமாயி அம்மாள். தந்தையின் வழியே மைந்தரும் வக்கீல் தேர்வு எழுதி, 1895-இல் தொழில் தொடங்கினார். ஆயினும் பணம் உள்ள கட்சிக்காரரைத் தேடி அவர் செல்லவில்லை. எளியவர்கள் அவரைத் தேடி வந்தனர். அவர்களுள் பலரிடம் அவர் பொருள் பெற்றதில்லை.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று அவருடைய உள்ளத்தைக் காட்டும். இராமையா தேசிகர் என்னும் பார்வையற்ற பெரியவரைச் சிதம்பரனார் தம் இல்லத்தில் வைத்துப் பேணினார். அவருடைய முதல் மனைவியார் வள்ளியம்மை, தேசிகருக்குத் தம் கையாலேயே அன்னமிட்டார். வேறு குலத்தவரை வீட்டினுள் வைத்து உண்பிப்பதாவது என்று உறவினர் பழித்தனர். அப்பழிக்குக் கணவரும் அஞ்சவில்லை, மனைவியும் அஞ்சவில்லை. அந்த அம்மையார் 1901-இல் காலமானார். பின்னர்ச் சிதம்பரனார் மீனாட்சி அம்மையாரை மணந்தார். இடையில் 1900-இல் தொழிலைத் தூத்துக்குடிக்கு மாற்றிக்கொண்டார். ஒட்டப்பிடாரத்து வக்கீல் கடற்கரைக்கு வந்ததே பின்னர் நிகழ்ந்தவற்றிற்கெல்லாம் வித்தாயிற்று.

கடல்மேல் ஒரு கனவு

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அந்நாளில் ஆங்கிலக் கம்பெனியின் கப்பல்களே ஓடின. அவர்கள் சொன்னதே கட்டணம். அவர்கள் வைத்ததே சட்டம். மட்டாஞ்சேரியில் வாழும் நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. மிளகும் இஞ்சியும் விளைவிப்பவன் ஒருவன், சுமப்பவன் ஒருவன், கப்பலுக்குரியவனாய் இருந்து ஊதியத்தைக் கொண்டு செல்பவன் வேறொருவன் என்பதைப் பல நூற்றாண்டுகள் கண்ட கரை இது.

அந்த நிலையை மாற்றக் கனவு கண்டார் சிதம்பரனார். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். சிதம்பரனார் உதவிச் செயலாளர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகப் பெருமகனார் ஒருவரே 2 இலட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார். இந்துவும் முஸ்லிமும், ஜமீன்தாரும் சிறு வணிகரும் ஒரே கப்பலில் பங்காளிகள் ஆனார்கள்.

முதலில் வாடகைக்கு எடுத்த கப்பல்களை, ஆங்கிலக் கம்பெனி கொடுத்த நெருக்கடியால் உரியவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டனர். சொந்தக் கப்பல் இன்றி வழியில்லை என்று தெளிந்து சிதம்பரனார் பம்பாய் சென்றார். வீட்டில் மூத்த மகன் நோயுற்றிருந்தான், மனைவியார் கருவுற்றிருந்தார். கப்பலோடு திரும்புவேன், அன்றேல் அக்கடலிலேயே விழுந்து மாய்வேன் என்னும் உறுதியோடு அவர் புறப்பட்டதாகச் சொல்வர். சொன்னபடியே 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பின்னும் குறைத்தது, கடைசியில் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. இலவசமாக வருவது எப்பொழுதும் நமக்கு ஆதாயம் அன்று என்பதை அன்றே அறிந்து சுதேசிக் கப்பலில் சீட்டு வாங்கிய எளிய மக்களும் நம் நன்றிக்கு உரியவர்களே.

ஒன்பது நாட்கள்

தூத்துக்குடியில் ஆங்கில நிறுவனம் ஒன்று நடத்திய கோரல் மில் என்னும் நூற்பாலை இருந்தது. விடியுமுன் வேலைக்குச் சென்று இருட்டியபின் வீடு திரும்புவதே அங்கு உழைத்தோரின் வாழ்க்கை. சிறுவர்களும் அதில் அடக்கம். கூலியோ மிகக் குறைவு. வார விடுமுறை இல்லை. தான் பெற்ற பிள்ளை விழித்திருக்கும்பொழுது அதன் முகத்தைக் காணத் தகப்பனுக்கு ஒரு நாள் இல்லாதிருந்தது.

சிதம்பரனாரும் அவருடைய நண்பர் சுப்பிரமணிய சிவாவும் அத்தொழிலாளரிடையே பேசினர். 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் ஆயிரத்திற்கு மேற்பட்ட தொழிலாளர் வேலைக்குச் செல்லாமல் நின்றனர். கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரக் குறைப்பு ஆகியவையே அவர்கள் கேட்டவை. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் உலை வைக்கும் குடும்பங்கள் எத்தனை நாள் தாங்கும்? இதனை உணர்ந்த சிதம்பரனார் ஊராரிடம் பொருள் திரட்டினார். தம் கைப்பொருளையும் தந்தார். தொழிலாளர்க்கு ஊரே சோறிட்டது. வேலைநிறுத்தத்தை இகழ்ந்து பேசிய வக்கீல் ஒருவருக்குப் பாதி முகம் மழித்த நாவிதர், மீதியை மழிக்க மறுத்து எழுந்து போன கதையைத் தூத்துக்குடிப் பக்கத்தார் இன்றும் சொல்லி மகிழ்வர்.

ஒன்பதாம் நாளாகிய மார்ச் 6-ஆம் தேதி நிருவாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை ஆயிற்று. வங்காளத்தில் அரவிந்தர் தம் 'வந்தே மாதரம்' பத்திரிகையில் இவ்வெற்றியைப் பாராட்டி எழுதினார். தூத்துக்குடியின் பிற ஆங்கிலக் கம்பெனிகளிலும் கூலி உயர்ந்தது.

வெற்றி பெற்று ஆறு நாட்களே ஆயின. மார்ச் 12-ஆம் நாள் சிதம்பரனாரும் சிவாவும் திருநெல்வேலியில் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் நெல்லையில் கிளர்ச்சி மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அப்பொழுது கோரல் மில் தொழிலாளர் செய்தது நம் கண்களில் நீர் வரச் செய்வது. போராடிப் பெற்ற கூலியைக் கையில் வாங்கக்கூடக் காத்திராமல், அவருக்காக அவர்கள் மீண்டும் வேலையை விட்டு வெளியேறினர். பெற்ற நன்மைக்கு நன்றி சொல்ல அவர்களிடம் மாலையும் இல்லை, மேடையும் இல்லை. ஒரு நாள் கூலியே இருந்தது, அதைத் தந்தனர்.

செக்கும் நூலும்

1908 ஜூலை 7-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சிதம்பரனாருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள், அதாவது 40 ஆண்டுகள். அப்பொழுது அவருக்கு வயது 36 நிறையவில்லை. தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். வாழ்நாள் முழுவதும் அது தெளியவில்லை. மேல்முறையீடுகளுக்காகக் குடும்பத்தின் சொத்துகள் கரைந்தன. தண்டனை முடிவில் ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது.

கோயம்புத்தூர்ச் சிறையில் முதலில் சணல் கிழிக்கும் வேலை தந்தனர். எழுதுகோல் பிடித்த கைகளின் தோல் உரிந்து குருதி கசிந்தது. பின்னர்ச் செக்கில் மாட்டினர். வெயிலில் மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார். அந்தக் கல் செக்கு இன்று சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. ஊருக்குச் செல்லும்பொழுது நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்ட வேண்டிய பொருள் அது. கடற்கரையையும் உயிர்க்காட்சிச் சாலையையும் காட்டும் நாம் இதனை விட்டுவிடுகிறோம்.

உடலைச் செக்கில் பூட்டினர். உள்ளத்தைப் பூட்ட அவர்களால் இயலவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய சிறு நூலொன்றைச் சிறையிலிருந்தபடியே தமிழில் ஆக்கினார். 'மனம் போல வாழ்வு' என்னும் பெயரில் அது 1909-இல் வெளிவந்தது. மனிதனின் எண்ணமே அவன் வாழ்வை ஆக்குகிறது என்பது அதன் சாரம். ஆங்கில ஆட்சி தம்மை விலங்கிட்டு வைத்திருக்க, ஆங்கிலேயர் ஒருவரின் நல்ல நூலை எடுத்துத் தம் மக்களுக்கு ஊட்டிய பெருந்தன்மையை என்னென்பது! ஆட்சியை அவர் வெறுத்தார், மனிதரை வெறுத்தாரில்லை. நமக்கும் நாள்தோறும் அலுவலில் மனத்தாங்கல், வீட்டில் கவலை, விலைவாசி என்று ஒவ்வொரு செக்கு உண்டு. அதை இழுத்துக்கொண்டே மனத்தை உயரத்தில் வைத்திருத்தல் கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கண்ணூர் வாயிலில்

1910-ஆம் ஆண்டு டிசம்பரில் அவரைக் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றினர். நாம் வாழும் இந்த மலையாளக் கரையில், வடக்கே இரயிலில் சில மணி நேரத்தில் சென்றடையக்கூடிய அதே கண்ணூர்தான். அங்கே உடனிருந்த கைதிகளுக்கு அவர் அறநெறி போதித்தார். அறநூற் செய்யுட்களும் இயற்றினார். திருடன் என்றும் கொலைஞன் என்றும் உலகம் ஒதுக்கியவர்களையும் மாணாக்கராகக் கொள்ள அவருக்கு மனம் இருந்தது.

அவர் சிறையில் இருக்கும்பொழுதே, 1911-இல், கப்பல் கம்பெனி கலைந்தது. எந்தக் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் வாங்கினாரோ, அந்தக் கம்பெனிக்கே கப்பல் விலைபோயிற்று. அச்செய்தி அவருக்குச் செக்கினும் கொடியதாக இருந்திருக்கும்.

1912 டிசம்பர் 24-ஆம் நாள் கண்ணூர்ச் சிறையின் கதவு திறந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆயிரக்கணக்கானோர் யாருடைய சொல்லுக்குக் காத்திருந்தனரோ, அவரை வரவேற்க அங்கே பெருங்கூட்டம் இல்லை, மாலை இல்லை. சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி அவருக்குச் சற்று முன்னரே விடுதலை பெற்றிருந்த சிவா அவருக்காகக் காத்திருந்தார். உற்றார் சிலர் இருந்தனர். அவ்வளவே. இக்கரையிலும் அன்று தமிழர் வாழ்ந்தனர், கொச்சியிலும் வாழ்ந்தனர். அச்சம் அவர்களைத் தடுத்திருக்கலாம். ஆகவே அவர்களைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த வெறிச்சோடிய வாயிலை நினைக்கும்பொழுதெல்லாம், நாம் அங்கே இருந்திருந்தால் சென்றிருப்போமா என்று நம்மையே கேட்டுக்கொள்கிறோம்.

நன்றிக் கணக்கு

விடுதலைக்குப் பின் வறுமை தொடங்கியது. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் பல இடங்களில் குடியிருந்து, அரிசி முதலியன விற்றும் பிழைத்தார். அந்த நிலையிலும் தொழிற்சங்கப் பணியை விட்டாரில்லை, தமிழை விட்டாரில்லை. திருக்குறளுக்கு மணக்குடவர் உரையையும், தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார்.

அந்த நாட்களில் அவருக்கு உதவி வந்தது எங்கிருந்து? தென்னாப்பிரிக்காவில் பிழைக்கச் சென்றிருந்த தமிழர்கள் அவருக்காகப் பொருள் திரட்டினர். அதில் முன்னின்றவர் வேதியப் பிள்ளை என்பவர். அத்தொகை காந்தியடிகளிடம் ஒப்புவிக்கப்பட்டு, கடிதப் போக்குவரத்திற்குப் பின் 1916-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிதம்பரனாரின் கைக்கு வந்தது. 347 ரூபாய் 12 அணா. ஊர் விட்டு ஊர் சென்ற ஏழைத் தமிழர், தம்மைப் பார்த்தேயிராத ஒருவருக்காகக் கடல் கடந்து சேர்த்தனுப்பிய பணம் அது. பிழைப்புக்காக மண் விட்டு வந்த நமக்கு அந்த 12 அணாவும் சேர்ந்த கணக்கில் ஒரு தனி இனிமை உண்டு.

சிதம்பரனார் அதனை மறந்தாரில்லை. தம் மகள் ஒருத்திக்கு வேதவல்லி என்று பெயரிட்டார். வேதியப் பிள்ளையின் நினைவாக. பின்னர், திருநெல்வேலியில் நீதிபதியாக இருந்தபொழுது அவருடைய திறமையை அறிந்திருந்த வாலஸ் என்னும் ஆங்கிலேயர் சென்னை உயர்நீதிமன்றத்திற்கு வந்தார். பறிபோன சன்னது அவரால் திரும்பக் கிடைத்தது. சிதம்பரனார் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். தம்மை ஒறுத்தவர்களின் பெயர்களை அவர் நெஞ்சில் சுமக்கவில்லை. உதவியவர்களின் பெயர்களையே நாள்தோறும் வாயார அழைக்கும்படி வீட்டில் வைத்துக்கொண்டார். நன்றிக்கு இதனினும் அழகிய ஏடு உண்டோ?

சன்னது பெற்றபின் கோவில்பட்டியிலும், 1932 முதல் தூத்துக்குடியிலும் வக்கீலாக இருந்தார். செல்வம் சேரவில்லை. இறுதியில் எழுதிய உயிலில், மளிகைக் கடைக்கும் துணிக்கடைக்கும் தாம் தர வேண்டிய சிறு சிறு பாக்கிகளையும் குறித்து வைத்தார். 1936 நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் அவர் ஆவி பிரிந்தது. நாட்டுக்காக அனைத்தும் இழந்தவர், நாடு தமக்குத் தர வேண்டியதை எங்கும் கணக்கெழுதினாரில்லை. தாம் தர வேண்டியதை எழுதினார். 2011-இல் தூத்துக்குடித் துறைமுகமே அவர் பெயரைத் தாங்கியது.

நம் மட்டாஞ்சேரியும் நாமும்

உரிமை எங்கும் இலவசமாக வந்ததில்லை. நம் கண்ணெதிரே உள்ள கொச்சித் துறைமுகத்தில் 'சாப்பா' என்று ஒரு முறை இருந்தது. வேலை வேண்டி நிற்போர் கூட்டத்தினிடையே உலோக வில்லைகளை வீசி எறிவர். முண்டியடித்து வில்லையைப் பிடித்தவனுக்கே அன்று வேலை; பிடிக்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பரில் இதே மட்டாஞ்சேரியில் துப்பாக்கி வெடித்தது. சைது, சைதலவி, ஆண்டனி ஆகியோர் உயிர் நீத்தனர். பின்னரே அம்முறை ஒழிந்தது. நாட்டின் தொழிற்சாலைச் சட்டமும் படிப்படியாகவே இறங்கி வந்தது: வாரத்திற்கு 1922-இல் 60 மணி, 1934-இல் 54, 1948-இல் 48. இந்த எண்கள் ஒவ்வொன்றின் பின்னும் எத்தனை அடுப்புகள் அணைந்திருந்தனவோ!

இனி, நம் குறை ஒன்றையும் சொல்லியே முடிக்க வேண்டும். நம் இல்லத்தில் பாத்திரம் துலக்க ஓர் அம்மையார் வருகிறார். நம்மைப் போலவே பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில் அவர் வரவில்லை. அன்று வீட்டில் விருந்தினர் இருந்தனர். மறுநாள் நாம் அவரைக் கடிந்துகொண்டதோடு, மாத முடிவில் ஒரு நாள் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டோம். அவர் மறுமொழி கூறாமல் வாங்கிச் சென்றார். அடுத்த வாரம் அலுவலகத்தில் பணிப்பட்டியல் எழுதும்பொழுது, 'ஓய்வு' என்னும் சொல்லில் நம் கை நின்றுவிட்டது. ஊரார்க்கெல்லாம் ஓய்வு எழுதும் நாம், நம் வீட்டுப் பின்கட்டில் ஒரு கோரல் மில் நடத்தி வந்திருக்கிறோம் என்பது அப்பொழுதுதான் விளங்கியது. பிடித்த பணத்தை அன்று மாலையே திருப்பித் தந்தோம். அடுத்த ஞாயிறு முதல் அவருக்குச் சம்பளத்துடன் விடுமுறை. அன்றைய பாத்திரங்களை நாமும் நம் பிள்ளைகளும் துலக்குகிறோம். வாரம் முழுதும் ஓயாத நம் இல்லாளுக்கும் அந்த வேளை சற்று ஓய்வு கிடைக்கிறது. முதலிரு வாரங்கள் பாத்திரங்களில் சாம்பல் ஒட்டியிருந்தது. இப்பொழுது கை பழகிவிட்டது.

அன்பர்களே! இவ்வாண்டு விழாவில் சிதம்பரனாரின் படத்திற்கு நாம் மாலை சூட்டுவோம்; அது முறையே. அத்துடன் நம் காலனியில் ஒவ்வொரு வீடும், தன்னிடம் உழைப்போர்க்கு வாரத்தில் ஒரு நாளை விட்டுக்கொடுக்க முடிவு செய்யுமாயின், கண்ணூர் வாயிலில் அன்று சூட்டாமற் போன மாலையை இன்று சூட்டியவர்கள் ஆவோம். பெற்ற உரிமையைப் பிறர்க்கும் பகிர்வதே அதனைப் பெற்றுத் தந்தவர்க்குச் செய்யும் நன்றி. வரும் ஞாயிறன்று நம் காலனியின் பின்கட்டுகளும் சற்றே அமைதியாக இருக்கட்டும்.

வாழ்க சிதம்பரனார் புகழ்! வளர்க நம் சங்கம்!